செருப்புகளின் கல்யாண வீடியோ

ஜனவரி 9

என் வாயாடி மருமகளுக்கு,

நீ சுகமா? உன் அம்மா சுகமா? அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார். அவரும் சுகமாகத்தான் இருப்பார், நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். இங்கே உன் மாமாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது.

போனில் கூப்பிட்டால் நீ "ம்" என்று ஒரே எழுத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறாய். வாயே திறக்காத பிள்ளைக்கு 'வாயாடி' என்று பட்டம் வைத்தவள் நான்தான், எனக்கு இது வேண்டும். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாய் என்று உன் அம்மா சொன்னாள். அதனால் இந்தக் கடிதம்.

மே மாதம் என் மகள் மைனா புருஷனோடு வருகிறாள். நேற்று போனில் கேட்கிறாள்: "அஞ்சு வருஷமா என் கல்யாண வீடியோ எடிட்டிங்ல இருக்கு எடிட்டிங்ல இருக்குன்னு சொல்றியே, என்னம்மா, உலகப் போர்ப் படமா எடுத்தீங்க?" நான் என்ன சொல்வேன்? உனக்கு நடந்தது தெரியும். இருந்தாலும் ஒரு தடவை எழுதினால்தான் என் மனசு ஆறும்.

"வீடியோக்காரன் எதுக்கு, நான் இருக்கேன்ல" என்று கேமராவைக் கையில் வாங்கியது என் தம்பி, உன் அப்பா. அவன் கைக்கு வந்தபோதே அது ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஆரம்பிக்கிறோம் என்று அழுத்தினான், அது நின்றது. நிறுத்துகிறோம் என்று அழுத்தினான், அது ஓடியது. அன்று முழுக்க இப்படியே தலைகீழாக. அவன் தூக்கிப் பிடித்து எடுத்தது எதுவும் பதிவாகவில்லை. கையில் தொங்கவிட்டபோது எடுத்ததெல்லாம் பதிவாகிவிட்டது. மைனா புருஷன் ஊருக்குக் கிளம்பிய பிறகு சொந்தபந்தத்தையெல்லாம் ஹாலில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் செருப்புகள், நாற்காலிக் கால்கள், உன் அப்பாவின் வயிறு. அப்புறம் அவன் குரல்: "மச்சானுக்குக் கோட்டு போட்டா டைனிங் டேபிளுக்கு விரிப்பு போட்ட மாதிரி இருக்கு." அந்தக் கோட்டை ஒரு வாரம் உட்கார்ந்து தைத்தவள் நான். அதே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உன் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டிவி பிளக்கைப் பிடுங்கினேன். அன்றோடு பேச்சும் நின்றது.

நீ பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் வீடியோவை அழகாக வெட்டித் தந்தாயாம். பென்டிரைவ் அனுப்புகிறேன். இதை எப்படியாவது ஒரு கல்யாண வீடியோவாக்கிக் கொடு. நல்ல சாஃப்ட்வேராகப் பார்த்து வை. முதல் வேலையாக அந்தக் கோட்டுப் பேச்சை வெட்டி எறி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அத்தை

ஜனவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாரும் சுகம். மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை அப்பாதான் வாசலில் வாங்கினார். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என் மேசையில் வைத்து, "கரண்ட் பில் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அம்மா, "கரண்ட் பில்லுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். எல்லாரும் சுகமாம் என்றேன்.

வீடியோவைத் திறந்தேன். பயமாகத்தான் இருக்கிறது. சாஃப்ட்வேர் தேடினால் நூறு வருகிறது, எல்லாமே 'சிறந்தது' என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறது. முதலில் போனில் ஒன்று இறக்கினேன். அது ஆளைப் பார்த்தவுடன் நாய்க்காது வைக்கிறது. மாமாவின் முகம் ஒரே ஒரு இடத்தில் வந்தது, அதற்கும் வைத்துவிட்டது. எடுக்கத் தெரியவில்லை, அழித்துவிட்டேன். அடுத்தது கம்ப்யூட்டருக்கான இலவசம். நன்றாகத்தான் வெட்டியது. ஆனால் முடித்துச் சேமித்தால் தன் பெயரைக் குறுக்கே கொட்டை எழுத்தில் போடுகிறது. பணம் கட்டினால்தான் போகுமாம். மைனா அக்காவின் கல்யாணத்தில் வேறு யாருடைய பெயரோ பெரிதாக இருந்தால் நன்றாக இருக்காது.

உங்களுக்கு எந்த மாதிரி வேண்டும் என்று எழுதுங்கள். இப்போதைக்குச் செய்த ஒரு துண்டை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
வாயாடி

ஜனவரி 31

வாயாடிக்கு,

சுகமா? நாங்கள் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், சூடு அதிகமாம், இப்போது முழங்காலோடு சேர்த்து மனஸ்தாபமும் இருக்கிறது.

நீ அனுப்பிய துண்டைத் திறந்தால் கருப்புத் திரை. நடுவில் சிவப்பாக, 'மூலக் கோப்பைக் காணவில்லை' என்று வருகிறது. உன் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து வாசித்துவிட்டு, "அஞ்சு வருஷமா அதைத்தானே சொல்லிட்டிருக்கோம்" என்கிறார்.

எந்த மாதிரி என்றா கேட்கிறாய்? பெரிதாக வாங்கு. எங்கள் தெரு ஸ்டுடியோக்காரர் சொன்னார், சினிமாக்காரர்கள் வைத்திருப்பது ஒன்று இருக்கிறதாம், மாத வாடகைக்குக் கிடைக்குமாம், முதல் மாதம் சும்மா தருவார்களாம். அதில் புத்தகம் புரட்டுகிற மாதிரி படம் திரும்புமாம், இதயம் பறக்குமாம், ரோஜா இதழ் கொட்டுமாம். எல்லாம் வை. செருப்பு தெரிகிற இடத்திலெல்லாம் ரோஜா இதழைக் கொட்டு, மூடிவிடும். வெட்டி ஒட்டுகிற வேலைதானே? கத்திரி பெரிதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

கரண்ட் பில் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

அத்தை

பிப்ரவரி 16

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரைத் தவிர.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பியது வீடியோ இல்லை. எங்கே வெட்டினேன், எங்கே ஒட்டினேன் என்று சாஃப்ட்வேர் தனக்காகக் குறித்து வைத்துக்கொள்கிற கோப்பு. துணியை இங்கேயே வைத்துவிட்டு அளவுச் சீட்டை மட்டும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சினிமாக்காரர்களுடையதை இறக்கினேன். திறக்கவே டீ குடித்து முடிக்கிற நேரம் ஆனது. திறந்தால் திரை முழுக்கப் பொத்தான்கள். எதைத் தொட்டாலும் இன்னும் நான்கு வருகின்றன. ரோஜா இதழ் கண்டுபிடித்தேன். ஒரு செருப்பின் மேல் கொட்டினேன். செருப்புக்குத் திவசம் செய்கிற மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன். அதற்குள் கம்ப்யூட்டர் உறுமத் தொடங்கி, அப்படியே அணைந்துபோனது.

அப்பா ஓடி வந்தார். "என்னது, மிக்ஸில ஸ்பூன் விழுந்த மாதிரி சத்தம்?" கழற்றிப் பார்த்தார். மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிற கைக்கு இதுவும் ஒரு ஃபேன்தான். தூசி தட்டி, எண்ணெய் விட்டு, பக்கத்தில் தன் கடையிலிருந்து ஒரு டேபிள் ஃபேனையும் கொண்டு வந்து வைத்தார். "இந்த மெஷினுக்கு இவ்வளவு பெரிய வேலை தாங்காது. சின்னதா ஏதாவது பாரு" என்றார். நான் மறுபடி வீடியோவைத் திறந்ததும் திரையைப் பார்த்தார். அதில் அவருடைய வயிறு நின்றிருந்தது. "யார் வீட்டு வீடியோ?" என்றார். நான் "ம்" என்றேன். "ம்" என்று அவரும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் அத்தை, ஒன்று கண்டுபிடித்தேன். அப்பா நிறுத்துகிறோம் என்று அழுத்தியபோதுதானே கேமரா ஓடியது? அப்போது அது இன்னும் ஆட்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, பிறகுதான் கீழே இறங்குகிறது. அதனால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் கண் சிமிட்டும் நேரத்துக்கு முகங்கள் இருக்கின்றன. எடுத்து முடித்தாயிற்று என்று எல்லாரும் மூச்சை விடுகிற முகங்கள். மைனா அக்கா விறைப்பாக நின்று அலுத்துப்போய் அத்தானின் தோளில் சாய்கிறாள். நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு யாரையோ திட்ட வாயைத் திறக்கிறீர்கள். எல்லாமே நன்றாக இருக்கின்றன.

வாயாடி

பிப்ரவரி 27

வாயாடிக்கு,

எல்லாரும் சுகம். மாமா முழங்காலோடு சமாதானமாகிவிட்டார், என்னோடு இன்னும் இல்லை.

நான் திட்ட வாயைத் திறக்கிற இடத்தை வெட்டிவிடு. இல்லை, இரு. யாரைத் திட்டுகிறேன் என்று பார்த்துச் சொல், பிறகு முடிவு செய்யலாம்.

டேபிள் ஃபேன் வைத்தானா? அவனுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு ஃபேன் வேண்டும். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோதும் ஃபேனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வைத்தியம் முடிந்த மாதிரி விளையாடப் போய்விட்டான். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

கோட்டுப் பேச்சை வெட்டிவிட்டாயா?

அத்தை

மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

சுகம். மூன்றாவது கரண்ட் பில்லை அப்பா வாசலில் நின்றே எதிர்பார்த்து வாங்கினார்.

சாஃப்ட்வேர் கிடைத்துவிட்டது. தேடிய விதம்தான் தவறு. எது பெரியது என்று தேடிக்கொண்டிருந்தேன். நம்மிடம் இருப்பது என்ன, அதற்கு என்ன வேண்டும் என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். நம்மிடம் இருப்பவை கண் சிமிட்டல் நேர முகங்களும் நிறையச் சத்தமும்தான். ஆகவே முகங்களை உடையாமல் மெதுவாக ஓட்ட வேண்டும். படத்தை விட்டுச் சத்தத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டும், இரைச்சலைக் குறைக்க வேண்டும். நம் கம்ப்யூட்டர் அணையக் கூடாது. யாருடைய பெயரும் குறுக்கே வரக் கூடாது. இதயம் பறக்க வேண்டாம். இப்படித் தேடியபோது ஒரு சின்ன சாஃப்ட்வேர் வந்தது. இலவசம்தான். பார்க்க அழகாக இல்லை, பழைய ரேடியோ மாதிரி இருக்கிறது. சொன்னதைச் செய்கிறது.

இதில் சத்தம் அலையலையாகக் கண்ணுக்கே தெரிகிறது. நீங்கள் பேசுகிற இடம் மலை மாதிரி இருக்கும். அப்பா பேசுகிற இடம் சின்ன மேடு. அப்படித் தேடித் தேடி, முழு வீடியோவையும் கடைசிவரை கேட்டுவிட்டேன். நீங்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகு யாருமே அதைக் கேட்டதில்லை, இல்லையா?

கேட்டு முடித்துவிட்டு அப்பாவுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

கோட்டுப் பேச்சைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வாயாடி

மார்ச் 20

வாயாடிக்கு,

சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. 'பிறகு' என்றால் என்ன? வெட்டு என்றால் வெட்டு. நான் காலரைப் 'பிறகு' வெட்டுகிறேன் என்று தைக்கக் கொடுத்த ஒருவரிடமாவது சொல்லியிருக்கிறேனா?

இன்னொன்று. உன் மாமா கேட்கிறார், கேள்வி நியாயமாகவும் இருக்கிறது: "முகம் கண் சிமிட்டுற நேரம்தான் இருக்குன்னா, மிச்ச நேரம் பார்க்கிறவனுக்கு இது யார் செருப்புன்னு யார் சொல்றது?" யாராவது கூடவே பேச வேண்டும். நீதான் முழுவதும் பார்த்திருக்கிறாய். நீயே பேசு.

அத்தை

ஏப்ரல் 6

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாரும் சுகம். நான் மட்டும் இரண்டு வாரம் சுகமாக இல்லை, உங்கள் கடைசி வரியால்.

எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல்தான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். என்னைப் போய்ப் பேசச் சொல்லிவிட்டீர்கள். மைக்கின் முன் உட்கார்ந்தால் தொண்டையிலிருந்து "ம்" மட்டும்தான் வந்தது. கடைசியில் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டேன். இருட்டில் யாரும் பார்க்கவில்லை என்றதும் வார்த்தை வந்தது. துணிகள் இருப்பதால் எதிரொலியும் இல்லை. அப்பா கதவைத் தட்டினார். "உள்ள யார்கூடம்மா பேசிட்டிருக்க?" அம்மா ஓடி வந்து, "அவ பேசுறா! விடுங்க, கெடுக்காதீங்க!" என்று இழுத்துக்கொண்டு போனாள். அதுவும் பதிவாகிவிட்டது. எடுக்க மனசு வரவில்லை.

வீடியோ முடிந்தது. இதோடு இருக்கிறது. இம்முறை நிஜமாகவே வீடியோதான், மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அத்தை, கோட்டுப் பேச்சை நான் வெட்டவில்லை. நீங்கள் முதலில் சொன்ன வேலையையே செய்யாததற்குக் கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் பிளக்கைப் பிடுங்காமல் பாருங்கள். அதற்குப் பின்னால் வருகிறதை நான் எழுதிச் சொன்னால் நன்றாக இருக்காது.

வாயாடி

ஏப்ரல் 30

அன்புள்ள அத்தைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அப்பா தினமும் வாசலைப் பார்க்கிறார். நேற்று சாப்பிடும்போது, "இந்த மாசம் கரண்ட் பில் வரலையா?" என்றார். வரவில்லை என்றேன். "கட்ட வேண்டியதைக் கட்டலைன்னா வெட்டிருவாங்கம்மா" என்றார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒரு வரி போதும். திட்டாகவே இருந்தாலும் சரி.

வாயாடி

மே 14

என் வாயாடிக்கு,

சுகம், சுகம், எல்லாரும் சுகம்.

உண்மையைச் சொல்கிறேன். 'வெட்டவில்லை' என்ற வரியைப் படித்ததும் பென்டிரைவைப் பட்டன் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். அப்பன் புத்தி பிள்ளைக்கு என்று நினைத்துக்கொண்டேன். மைனா வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வியே வீடியோதான். நான் தைக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். அவள் நூல் தேடப் போனவள் டப்பாவைத் திறந்துவிட்டாள்.

எல்லாரும் உட்கார்ந்தோம். முதல் செருப்பு வந்தது. உன் குரல்: "இது மாப்பிள்ளையின் ஷூ. கடிக்கிறது. அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை." மாப்பிள்ளை துள்ளி எழுந்தார்: "யாருங்க இது? எப்படித் தெரியும்?" மைனா, "இது நம்ம வாயாடியா? அவ பேசுவாளா?" என்கிறாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல். அவள் தோளில் சாய்கிற இடத்தை நீ மெதுவாக ஓட்டியிருந்தாயே, அப்போது மட்டும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் அந்த இடம். 'டைனிங் டேபிளுக்கு விரிப்பு.' எல்லார் தலையும் உன் மாமா பக்கம் திரும்பியது. நான் பிளக்கிடம் போய்விட்டேன். மைனா என் கையைப் பிடித்தாள். "இரும்மா, மாமா இன்னும் பேசுறாரு." இரைச்சலையெல்லாம் நீ துடைத்து வைத்திருந்தாய். காதுக்குள் சொல்கிற மாதிரி கேட்டது. உன் அப்பா உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்:

"ஆனா தையலைப் பாரு. அந்த உடம்புக்கு அளவெடுக்கவே ரெண்டு ஆள் வேணும். வேற டெய்லர்னா துணியைத் திருப்பிக் கொடுத்துட்டு ஊரை விட்டே போயிருப்பான். எங்க அக்கா கை, ஒரு பிசிறு இல்ல." கொஞ்ச நேரம் செருப்பு. பிறகு, "எனக்கும் ஒண்ணு தைச்சுத் தருவியான்னு கேக்கணும். கேக்கத்தான் கூச்சமா இருக்கு."

என் தம்பி. கூச்சமாம். உன் தொண்டை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

உன் மாமா மட்டும், "அப்போ அவன் கேலி பண்ணினது கோட்டை இல்ல, என் உடம்பைத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதுக்கா இவ்வளவு நாள் பேசாம இருந்தீங்க? அது ஊருக்கே தெரியுமே" என்கிறார்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. உனக்கு இல்லை. யாருக்கு என்று திறந்து பார்த்தால் தெரியும். அளவு கேட்டு எழுதவில்லை. தோள் எனக்குத் தெரியும். வயிறு வீடியோவில்தான் நிறைய இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டு, மேலே ஐந்து வருடத்துக்குச் சேர்த்து விட்டிருக்கிறேன்.

நான் யாரைத் திட்ட வாயைத் திறந்தேன் என்று நீ கடைசிவரை சொல்லவே இல்லை. அதையும் பார்த்தேன். அவனைத்தான்.

அத்தை

மே 22

அக்காவுக்கு,

நலம். நீ நலமா? மச்சான் முழங்கால் எப்படி? அதற்கு ஃபேன் வைத்துப் பார்த்தீர்களா?

பார்சல் வந்தது. போட்டுப் பார்த்தேன். வீட்டில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். தையலில் ஒரு பிசிறு இல்லை. வயிற்றுக் கணக்கு மட்டும் தப்பு, ஐந்து வருடத்துக்குச் சேர்த்தது போதவில்லை, கடைசிப் பட்டன் எட்டவில்லை. இனி நானும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இருபது பேர் உட்கார்ந்து சாப்பிடலாம்.

மைனா ஊருக்குக் கிளம்புவதற்குள் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். கேமரா கொண்டு வருகிறேன். பயப்படாதே, நான் தொட மாட்டேன், உன் மருமகள்தான் எடுக்கிறாள். கூடவே பேசவும் போகிறாளாம். அலமாரி வேண்டாம் என்கிறாள். எதற்கும் உன் வீட்டு அலமாரியில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வை.

நடந்ததையெல்லாம் இவள் உனக்கு ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் சொன்னாள். இனிமேல் கரண்ட் பில்லை என் பெயருக்கே அனுப்பு.

தம்பி